வெயில் காட்டிய ஒயின்

என் அம்மாவின் சட்டப்படி, நாள்பட இருக்கவேண்டிய எந்தப் பொருளுக்கும் வருஷம் ஒருமுறை வெயில் காட்டியாக வேண்டும். மிளகாய் வத்தல், துவரம்பருப்பு, ஊறுகாய் ஜாடி, தலையணை, எதற்கும் விலக்கு கிடையாது. கோவில்பட்டியில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? அதனால் மாமா கொடுத்த ஒயின் பாட்டிலும் சித்திரை பிறந்தால் மொட்டைமாடிக்கு ஏறிவிடும். எலுமிச்சங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் அதை நிறுத்திவிட்டு, காக்கா விரட்ட என்னை உட்காரவைப்பாள். மூடி போட்ட பாட்டிலைக் காக்கா என்ன செய்யும் என்று நானும் கேட்டதில்லை.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. வெளிநாட்டுச் சுற்றுலாக் கப்பலில் சாப்பிட உட்காருகிறவர்களுக்கு ஒயின் ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. சொந்தக்காரர்களிடம் ‘கப்பல்ல ஆபீசர்’ என்று சொல்லிவைத்திருந்தோம். நான் ஒன்றாம் வகுப்பு படிக்கையில் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து, இப்போது திறக்காதீர்கள், சில வருஷம் போனால்தான் ருசி கூடும், எல்லோருமாகச் சேர்ந்து குடிக்கலாம் என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா குடியை விட்டிருந்தார். அவருக்குப் பருத்தி விதையும் உரமும் விற்கிற கடை. முன்பெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு அவர் வருகிற செருப்புச் சத்தத்தை வைத்தே, அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு பறக்குமா பறக்காதா என்று அம்மா கண்டுபிடித்துவிடுவாள். குடியை விட்டபிறகு வீடே வேறு வீடாகிவிட்டது. அப்பா என்னோடு கேரம் விளையாடினார், தோற்கிற மாதிரி இருந்தால் அழுகுணி ஆட்டமும் ஆடினார். பாட்டில் மட்டும் பீரோவின் மேல் நின்றது. தம்பி ஆசையாகக் கொடுத்ததைத் தூக்கி எறிய அம்மாவுக்கு மனசில்லை. அதை வீட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். எனக்கும் அதைக் கண்டால் பயம்தான்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது மாமா லீவில் வந்தார். அவரைப் பார்க்கப் பெரியம்மாவும் வந்திருந்தாள். கறிச்சாப்பாடு முடிந்த கையோடு, அந்தப் பாட்டிலை எடு அக்கா என்றார் மாமா. அம்மா வாசல்கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தாள். மாமா தக்கையைத் திருகி எடுத்து, எவர்சில்வர் டம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, எடுத்ததும் குடிக்கக்கூடாது, சுழற்றி, மோந்து பார்த்து, ஒரு வாய் நாக்கில் நிறுத்தவேண்டும் என்று பாடம் நடத்தினார். அப்போது அப்பாவும் ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார்.

“எனக்கும் ஒரு வாய் ஊத்து மாப்ள.”

அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. மாமா தயங்கினார். ஆனாலும் அத்தான் நீட்டிய டம்ளரை வெறுமனே திருப்பிக் கொடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பழைய அப்பா இதோ வந்துவிடப்போகிறார் என்றே நினைத்தேன்.

மோந்து பார்த்த பெரியம்மா, என்ன இது ஊறுகாய் ஜாடி கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்றாள். மாமா நாக்கில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். அப்பாவோ பாடத்தைக் கவனிக்காமல் மடக்கென்று விழுங்கிவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்து, புரையேறி, அம்மா ஓடிவந்து உச்சந்தலையில் தட்டவேண்டியதாயிற்று. இருமல் நின்றதும் அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

“இந்தக் கழுதைக்குப் பயந்தா நான் இத்தன வருசமா பீரோ பக்கமே திரும்பாம கெடந்தேன்?”

அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது எனக்கு. அம்மா சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள்.

மாமாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கே வைத்திருந்தாய் என்று விசாரித்தார். வெயில் காட்டிய கதையைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“இருட்டுல, குளுமையா, படுக்கப்போட்டு வைக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா அக்கா?”

“மறந்துபோச்சுலே” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மனசு கேட்காமல் மாமா தன் பையிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தார். அதுவும் பல வருஷம் பழையது, முறையாக வைத்திருந்தது. மருந்தென்று நினைத்துக் குடிப்பதாகச் சொன்ன பெரியம்மா, நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு துவர்க்கிறது என்று இன்னும் கொஞ்சம் மருந்து கேட்டாள். அம்மா கண்ணை மூடி மோந்து பார்த்து, கோடைமழை விழுந்த கரிசல்காட்டு வாசம் வருகிறது என்றாள். ஒரு வாய்தான் குடித்தாள், ஆனால் வெகுநேரம் குடித்தாள். மாமாவுக்கு உயிர் திரும்பியது. அப்பா பக்கம் பாட்டில் வந்தபோது அவர் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு, தனக்கு ஒரு காபி போதும் என்றார்.

சாயங்காலம் அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவ்வளவு உசத்தியான பொருளைத் தெரியாமல் பாழாக்கிவிட்டாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், விடும்மா, மாமா அன்றைக்குச் சொன்னது உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று தேற்றினேன்.

அம்மா கை வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, ஒரு சொல் விடாம கேட்டுச்சு” என்றாள்.

அவ்வளவு நன்றாகக் கேட்டதை எப்படித்தான் மறந்தாளோ என்று யோசித்தபடி நான் டம்ளர்களைத் துடைத்து அடுக்கினேன்.