திட்டிவாசலில் பிரதானி

சேர்ந்து விளையாடினால் நட்பு வளரும் என்று சொல்பவர்கள், யாருடனும் மூன்று ஆண்டுகள் ஒரே ஆட்டத்தை ஆடிப் பார்த்திருக்க மாட்டார்கள். நாங்கள் நால்வர் ஆடினோம். எண்பதுகளில், செஞ்சிக் கடைத்தெருவில், ஓர் இரும்புக் கடையின் மாடியில், ஞாயிறு மதியங்களில்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் வங்கி அதிகாரி. வெளிநாட்டு உறவினர் ஒருவர் கொடுத்த விதிப்புத்தகம் அவரிடம் இருந்தது. பலகை கிடையாது, காய் கிடையாது. அவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, அந்த ஆள் அந்த இடத்தில் என்ன செய்வான் என்று முறைவைத்துச் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால், பவுடர் டப்பாவில் கிடக்கும் எண் சீட்டுகளில் ஒன்றை எடுத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும்; பெரிய எண் வந்தால் நடக்கும். புத்தகத்தில் இருந்த நெருப்பு கக்கும் பல்லிகளைத் தள்ளிவிட்டு, முற்றுகையில் இருக்கும் ஒரு கோட்டையைக் கதையாக வைத்தார். கோட்டையை எங்களுக்கு வரைந்து காட்ட வேண்டியிருக்கவில்லை. மாடி ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை.

நான் பிரதானி, அதாவது ராஜாவின் முதல் மந்திரி. கடைக்காரர் கோட்டைத் தளபதி. அவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியர் ஒற்றன். எல்லா ரகசியமும் தெரிந்த ஒற்றன், பாதி நேரம் பக்கோடா தின்றுகொண்டிருப்பார். விதிப்புத்தகத்தை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான், கொண்டுவந்தவர்கூடப் படிக்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் பாயின் அப்பா இறந்தார். வீட்டு மனையின் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி பாய் கொடுத்த விண்ணப்பம் தாலுகா அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தது. வாரிசுகள் இருவர்: அவரும், அவலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்த தங்கையும். தங்கையின் சம்மதக் கையெழுத்து இல்லை. திருப்பி அனுப்பினேன்.

பாய் அலுவலக வராந்தாவிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "அவ கல்யாணத்துல மொத பந்தியில உக்காந்து பிரியாணி துன்ன. அவ என் தங்கச்சி, என்கூட சண்டை இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஆபீசுக்குத் தெரியாது."

இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். நாளைக்கு அந்தத் தங்கை வந்து பங்கு கேட்டால், பிரியாணி வந்து சாட்சி சொல்லாது.

மற்ற நண்பர்களாக இருந்தால் அத்தோடு பேச்சை நிறுத்தியிருப்பார்கள். எங்களால் முடியவில்லை. காரணம் ஒரு விதி: வராதவனின் பாத்திரத்தை வந்தவர்கள் நடத்துவார்கள். நான் போகாவிட்டால் பாய் என் பிரதானியைக் கிணற்றில் இறக்கிவிடுவார். அவர் வராவிட்டால் அவருடைய தளபதியை நான் எதிரி கூடாரத்துக்கு வெள்ளைக் கொடியோடு அனுப்புவேன். ஒரு வாரம் காய்ச்சலோடு போனேன். "போர்த்திக்கினு வந்துட்டாரு பாரு, தாலுகா ஆபீசு" என்றார் பாய். முன்பைவிட ஒழுங்காக ஆட்டம் நடந்தது அந்த மாதங்களில்தான்.

பிறகு வங்கி அதிகாரிக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. வரும் ஞாயிற்றோடு கதையை முடித்தாக வேண்டும் என்றார். பிரதானியை உயிரோடு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வாரம் எனக்கு வேறு நினைப்பு இல்லை. மூன்று ஆண்டுகள் நான் காப்பாற்றி வைத்திருந்த உயிர் அது.

"கோட்டை விழுந்துடுச்சு" என்று தொடங்கினார் வங்கி அதிகாரி. ராஜா போன வாரமே செத்திருந்தார். ஒற்றன் மதிலேறிக் குதித்துத் தப்பியாயிற்று. மிச்சம் நாங்கள் இருவர். இனி வெளியேற ஒரே வழி திட்டிவாசல், பெரிய கதவுக்குள் ஆள் குனிந்து நுழையும் சின்னக் கதவு. சாவியோடு தளபதி வெளிப்பக்கம். பிரதானி உள்பக்கம்.

"கதவைத் தட்டறேன்" என்றேன்.

"யாரது?" என்றார் பாய்.

"பிரதானி."

"எனக்குத் தெரியுது சார். கோட்டைக்குத் தெரியலியே."

ஓவிய ஆசிரியருக்குக் குடித்த டீ மூக்கில் ஏறியது.

"ராஜா உத்தரவு இருக்குதா?"

"ராஜா செத்துட்டாரு."

"அப்போ வாரிசுங்க எல்லாரையும் கையெழுத்து போட இட்டுனு வா."

தளபதி பிரதானிக்குக் கீழ்ப்பட்டவர் என்ற பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். வங்கி அதிகாரி தயங்கினார். "உத்தரவு போடலாம் சார். கேக்கறதும் கேக்காததும் அவர் இஷ்டம். அதுவும் அதே பக்கத்துலதானே இருக்கு?" இருந்தது.

"தளபதி தொறக்கல" என்றார் பாய். அவர் முறை முடிந்தது. என் முறை.

"யோவ், 'தொறப்பா'ன்னு ஒரு வார்த்தை கேளுயா" என்றார் ஓவிய ஆசிரியர். "கேட்டா இன்னா, கொறஞ்சா பூடுவ?"

பாய் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்குத்தான் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. அங்கே கேட்பது, அந்த விண்ணப்பத்தைத் திருப்பியதற்கு மன்னிப்புக் கேட்பதாகிவிடும். சரியாகச் செய்த வேலைக்கு நான் மன்னிப்புக் கேட்பதில்லை.

"பிரதானி வாசல்ல உக்கார்றார்" என்றேன்.

"உக்காந்து?"

"உக்காந்திருக்கார். அவ்ளோதான்."

"குதிரைச் சத்தம் நெருங்குது" என்றார் வங்கி அதிகாரி.

"இரு, இரு. தொறக்கறேன்" என்றார் பாய்.

வங்கி அதிகாரியின் முகம் தெளிந்தது. எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

"அவர் முறை முடிஞ்சுடுச்சு" என்றேன் நான். "இப்போ எதிரி முறை. சீட்டு எடுங்க."

"விடுங்க சார், கடைசி ஆட்டம்…"

"சீட்டு எடுங்க."

எடுத்தார். பெரிய எண். பிரதானி செத்தார்.

"தொறந்துட்டேன்னு சொல்றன்ல!" பாய் டப்பாவைத் தட்டிவிட்டதில் சீட்டுகள் ஆணிப் பெட்டிகளுக்கிடையில் சிதறின. "வேணும்னே செத்தான்யா இவன். செத்து, என்னைக் கெட்டவனாக்கிட்டான்!"

களத்தில் மிஞ்சியவர்தான் கடைசிக் காட்சியைச் சொல்ல வேண்டும் என்று விதி. பாய் தரையைப் பார்த்தபடி, "தளபதி உள்ள வந்து பிரதானிய எடுத்து அடக்கம் பண்றாரு. ஒழுங்கா, ஒண்ணும் கொற வெக்காம" என்றார்.

"செல்லாது" என்றேன். "சுத்தி எதிரி நிக்கறான். அதுக்கு நேரமில்ல."

பாய் நிமிர்ந்தார். "செத்தவன் பேசக்கூடாது. புக்குல இருக்குதா, இல்லியா?"

இருந்தது. வங்கி அதிகாரி புத்தகத்தை மூடினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.