ஒரே மாதிரி இரண்டு ஜோடி வளையங்கள்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் தொடங்கி, இப்போது மெல்பனின் மேற்குப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளனாக இருக்கிறேன். வந்த சரக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டால் என் வேலை போய்விடும். இந்தப் புத்தி சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் இறங்கிவிட்டால் நல்லதுதான். இறங்குவதில்லை. நான் குடியிருக்கிற பொயிண்ட் குக்கில் பால் வாங்கினாலும் டப்பாவில் உள்ள தேதியைக் கடையில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை பார்க்கிறவன் நான்.

ஆனால் என் வேட்டைத் துப்பாக்கி விஷயத்தில் என் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு குளிர்காலத்தில், மலைக்காட்டில், ஒரு கடமானைத் தொலைவிலிருந்து சுட்டேன். இங்கே அதைச் சாம்பர் என்பார்கள். நம் பக்கத்து மான்தான், யாரோ கொண்டுவந்து விட்டுப் பெருகிக் கிடக்கிறது. நெஞ்சுக்குப் பார்த்த குண்டு வயிற்றில் பட்டது. மான் விழவில்லை, ஓடிவிட்டது. நானும் என்னோடு வேட்டைக்கு வருகிற நண்பரும் ரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து அரை நாள் நடந்தோம். கடைசியில் ஒரு ஓடைக்கரையில் அது படுத்திருந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. இரண்டாவது குண்டை நண்பர்தான் போட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், குறிபார்க்கிற தொலைநோக்கியை, அதாவது ஸ்கோப்பை, துப்பாக்கியோடு பிடித்து நிறுத்துகிற வளையங்களில் ஒன்று நகர்ந்திருந்தது. ஆன்லைனில் மலிவாக வாங்கிய வளையம். துப்பாக்கி ஒரு பக்கம் பார்த்திருக்கிறது, கண்ணாடி இன்னொரு பக்கம் பார்த்திருக்கிறது, நடுவில் ஒரு உயிர் அரை நாள் துடித்திருக்கிறது. அன்றைக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. நண்பர் அப்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஐசே, சாமானைச் சரியாப் பூட்டும். இல்லாட்டிச் சுடாதையும்."

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெல்பனின் மறுகோடியில் ரோவிலில் வீடு, வீட்டுக்குப் பக்கத்திலேயே கார்களுக்கு வீல் அலைன்மென்ட் செய்கிற ஒரு கராஜ். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. துப்பாக்கியைத் துவக்கு என்பார், என்னை ஐசே என்பார், என்னோடு பத்து வருடமாகக் காட்டுக்கு வருகிறார். நான் என்ன கொடுத்தாலும் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். தோட்டாப் பெட்டியைக் கொடுத்தால் எண்ணமாட்டார், தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தால் மோந்து பார்க்கமாட்டார். என் வேலைக்கு அவர் லாயக்கில்லை என்று நான் கேலி செய்வதுண்டு.

ஸ்கோப்புக்குப் புது வளையங்கள் வாங்கக் கடைக்கு இருவருமாகப் போனோம். நான் என் வெர்னியர் காலிப்பரைக் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் ஒரு ஜோடி வளையத்தை எடுத்து வைத்ததுமே எனக்குச் சந்தேகம். ஏன் முதலில் இதை எடுக்கிறார்? தேங்கிப்போன சரக்கோ? இன்னொன்றைக் கேட்டேன், அதைத் தயங்கித் தயங்கி எடுத்தார். ஏன் தயங்குகிறார்? ஆறு ஜோடிகளை மேஜையில் பரப்பி ஒவ்வொன்றின் உள்விட்டத்தையும் அளந்தேன். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

வளையம் தேர்வு செய்வது வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லாத வேலை. உயரம் குறைந்தால் ஸ்கோப்பின் முன் கண்ணாடி குழலில் இடிக்கும், உயரம் கூடினால் கன்னம் கட்டையில் படியாமல் கழுத்தை எக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். அலுமினியம் என்றால் எடை குறைவு, இரும்பு என்றால் பிடி அதிகம். நெடுந்தூரத்துக்குச் சுட வேண்டுமென்றால், வளையங்களுக்கு அடியில் துப்பாக்கியின் முதுகில் பொருத்துகிற ரெயிலும் முன்பக்கம் ஒரு மயிரிழை தாழ்ந்ததாக இருக்க வேண்டும். எதிலும் தவறு இருக்கலாம், எந்தத் தவறும் கடையில் தெரியாது. காட்டில்தான் தெரியும்.

நண்பர் ஒரு விசிட்டிங் கார்டை வளையத்துக்கு மேல் வைத்துப் பார்த்தார், கட்டைவிரலால் ஸ்க்ரூவின் மரையைத் தடவினார், அவ்வளவுதான்.

"உது நல்லது. எனக்கும் ஒரு சோடி தாரும்" என்றார் கடைக்காரரிடம், ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். ஆக, ஒரே மாதிரி இரண்டு ஜோடி வளையங்கள் வாங்கினோம். ரெயில் எனக்கு மட்டும்.

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் சாமி மேஜையில் லேப்டாப், கார் சாவி, மகளின் பாடப் புத்தகங்கள், என் காலிப்பர் எல்லாம் ஏறும். இந்த முறை ரெயிலையும் வைக்கலாம் என்றேன். மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"உயிரைக் கொல்ற சாமான கொண்டாந்து சரஸ்வதிக்கு முன்னால வெக்கறதா? அதெல்லாம் வேண்டாங்க. காலிப்பர் இருக்குதில்ல, அது போதும்."

துப்பாக்கி சட்டப்படி பூட்டிய பெட்டகத்துக்குள் இருக்கிறது, இது வெறும் உலோகத் துண்டுதானே என்று வாதாடினேன். அவள் அசையவில்லை. ஆனால் எனக்கு அந்த மான் தலையைத் தூக்கிப் பார்த்தது மறக்கவில்லை. கண்ணேறோ என்னவோ, எதையும் விட்டுவைக்கக் கூடாது. அவள் சுண்டல் தாளிக்கப் போன நேரத்தில் ரெயிலை லேப்டாப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மேல்பக்கம் பல் பல்லாக இருந்ததால் கவிழ்த்து வைத்தேன். அடிப்பக்கம் தொன்னை போலக் குழிந்திருந்தது, பொட்டு வைக்க வாகாக இருந்தது. பன்னீரில் குழைத்த சந்தனத்தில் மூன்று பொட்டு, மேலே குங்குமம். ஒன்று போதாதா என்று கேட்டால், எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது. மறுநாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ரெயிலை எடுத்து, காய்ந்த சந்தனத்தை டிஷ்யூ பேப்பரால் அவசர அவசரமாகத் துடைத்து, அன்று மதியமே துப்பாக்கியின் முதுகில் பொருத்தினேன். ரெயிலை வேறொருவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் நானே இறுக்கினேன்.

வளையங்களை மட்டும் நண்பரின் கராஜில் வைத்துப் பொருத்தினோம். அவரிடம்தான் நல்ல டார்க் ரெஞ்ச் இருந்தது. சொன்ன அளவுக்கு இறுகியதும் டக்கென்று சத்தம் கொடுக்கும். பாதி வேலையில் மனைவி போன் செய்தாள். வெளியே போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் அவர் மிச்ச ஸ்க்ரூக்களையும் முடித்துவிட்டு டீயோடு உட்கார்ந்திருந்தார். கடைசி ஸ்க்ரூக்கள் இறுகியதை நான் பார்க்கவில்லை. அது அப்போதே எனக்கு உறுத்தியது.

சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் முதல் மூன்று குண்டும் ஒரு ஐம்பது காசு நாணயத்துக்குள் அடங்கின. நண்பர் முதுகில் தட்டினார். நான்காவது வலப்பக்கம் போனது. ஐந்தாவது அதற்கும் மேலே போனது. மூச்சை அடக்கி, பொறுமையாகச் சுட்டேன், மறுபடியும் அலைந்தது. அடுத்த வாரம் போனபோது எல்லாம் இடப்பக்கம். தோட்டாவை மாற்றிப் பார்த்தேன். காற்றைக் குறை சொல்லலாம் என்றால் கொடி அசையவேயில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு வளையங்களைப் பார்த்தேன். முன் வளையத்தில் ஒரு ஸ்க்ரூவின் தலையில் சின்னக் கீறல். கடையில் நான் அளந்தபோது அந்தக் கீறல் இருந்ததா? இருந்திருந்தால் வாங்கியிருக்கமாட்டேன். அப்படியானால்? இரண்டு ஜோடிகளும் அன்று அவர் மேஜையில்தானே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன? நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது யார் எதை எடுத்தது? இதை யோசிக்கக் கூடாது என்று எனக்கே தெரிந்தது, ஆனாலும் மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் ரோவிலுக்குப் போனேன்.

அவர் ஒரு வேனின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிக் கொண்டுபோயிருந்த வளையங்களை நீட்டி, கீறலைக் காட்டினேன்.

"இது நாம கடையில பார்த்த ஜோடி இல்லைங்க."

"உது எந்தச் சோடி எண்டு நினைக்கிறீர்?"

"எனக்கென்ன தெரியும்? நான் போன் பேசப் போனேன், வர்றதுக்குள்ள நீங்க முடிச்சுட்டீங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. நல்லது எங்க போச்சுன்னு கேக்கறேன்."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே வாய் தவறிவிட்டது தெரிந்தது. ஆனால் நான் நிறுத்தவில்லை. அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். பிறகு உள்ளே போய், தன் துவக்கிலிருந்து வளையங்களைக் கழற்றி, ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். என் ஜோடியைத் தன் மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொண்டு போம்" என்றார். சக்கரத்துக்குத் திரும்பிவிட்டார்.

வழக்கமாக டீ குடிக்காமல் அனுப்பமாட்டார். அன்றைக்கு நான் காரில் ஏறும்வரை சக்கர நட்டுக் கழற்றுகிற இம்பாக்ட் கன்னின் சத்தம் ஓயவில்லை.

அவர் வளையங்களை நானே பொருத்தினேன். இரவல் டார்க் ரெஞ்ச்சால் ஒவ்வொரு டக்கையும் என் காதால் கேட்டேன். ரேஞ்சுக்குப் போனேன். மூன்று குண்டு நன்றாகப் போய், நான்காவது அலைந்தது. இப்போது என் புத்தி எங்கே போனது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. மட்டமான ஜோடியை வேண்டுமென்றே கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். பத்து வருடம் கூட வந்தவரை, எனக்காக ரத்தத் துளி பார்த்து நடந்தவரை அப்படி நினைத்தேன். வீடு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

என் வீட்டுக் கராஜில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றினேன். வளையம் சரி, ஸ்கோப் சரி. மிச்சம் இருந்தது நானே பொருத்தி, நானே இறுக்கி, ஒரு தடவைகூடச் சந்தேகப்படாத ரெயில். அதைக் கழற்றித் திருப்பினேன். முன் ஸ்க்ரூத் துளையை ஒட்டி மஞ்சளாக ஒரு பொருக்கு இருந்தது. பாதி நொறுங்கி மாவாகியிருந்தது, பாதி கல் மாதிரி ஒட்டியிருந்தது. ஓரத்தில் சிவப்பு. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். எண்ணெய் நாற்றத்துக்கு நடுவிலும் சந்தனம் மணத்தது.

ரெயில் அந்தப் பொருக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு குண்டின் உதையிலும் அது கொஞ்சம் நொறுங்க, ரெயில் கொஞ்சம் அசைந்திருக்கிறது. இதே குறையோடு ஒரு உருப்படி என் மேஜைக்கு வந்திருந்தால், செய்தவனைக் கூப்பிட்டு வைத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"அன்னிக்கு வெக்காதீங்கன்னேன், ஒளிச்சு வெச்சீங்களாக்கும்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அவருகிட்ட போய் என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

நான் குனிந்து ஸ்க்ரூக்களைப் பொறுக்கத் தொடங்கினேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலை ரோவிலுக்குப் போனேன். ஒரு கையில் அவருடைய வளையங்கள், அதே துணியில் சுற்றியது. இன்னொரு கையில் ரெயில், அந்தப் பொருக்கோடு, சாட்சிக்கு. அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ டயரின் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை, ஆனால் இன்னொரு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

எல்லாவற்றையும் சொன்னேன். லேப்டாப்புக்குப் பின்னால் ஒளித்தது, மூன்று பொட்டு, டிஷ்யூ பேப்பர். மன்னிப்பும் கேட்டேன், சுற்றி வளைக்காமல், நான் தப்பாகப் பேசிவிட்டேன் என்றே சொன்னேன். மூன்று பொட்டு என்றபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மூண்டு பொட்டோ? துவக்குக்குக் கலியாணமோ ஐசே?"

எனக்கு உயிர் வந்தது. பிறகு அவர் சொன்னார்:

"உம்மடை சோடியை அடுத்த நாளே என்ரை துவக்கிலை பூட்டிச் சுட்டுப் பாத்தனான். ஒரு பிழையும் இல்லை. அஞ்சும் ஒரே இடத்திலை விழுந்தது."

"அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருக்கலாமே? ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீரோ?"

நான் ரெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பியிருக்கமாட்டேன். ஐந்து குண்டு விழுந்த தாளைக் காட்டியிருந்தாலும், அது எந்தத் துப்பாக்கியின் தாள் என்று கேட்டிருப்பேன்.

"சரி, விடும். அடுத்த மாசம் மலைக்குப் போவம்" என்றார். உள்ளே குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னார். டீ வந்தது, குடித்தோம். மழை, பெட்ரோல், கேரம் டவுன்ஸ் கோவிலில் கார் நிறுத்த இடம் கிடைக்காதது என்று பேசினோம். பழைய மாதிரியே இருந்தது. எழுந்தபோது அவர் என் ஜோடியை எடுத்துவந்து தந்தார். நான் அவருடைய வளையங்களைத் துணியோடு நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். உடனே பையில் போடவில்லை. துணியைப் பிரித்து, மடியில் விரித்து, வளையங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்க்ரூக்களின் தலையைக் கட்டைவிரலால் தடவினார். எண்ணினார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஓம், சரி" என்றார், எல்லாம் பார்த்து முடித்த பிறகு.