மலையடிவாரத்து வீடு எரிந்த கிழமை

காத்தான்குடியில் ஒரு புடவைக்கடையில் நின்றபோதுதான் அந்தச் செய்தியைப் பார்த்தேன். பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். அண்ணனின் மகளுக்குச் சீருடைத் துணி வெட்டுவித்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் மேசைக்கு மேலே ஒரு தொலைக்காட்சி, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. திரை முழுக்க நெருப்பு. அந்த மாதம் வடக்கே வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்தது; மாமா குடும்பம் அங்கேதான் அகப்பட்டிருந்தது. எரிகிற எதைப் பார்த்தாலும் வன்னி என்றே மனம் எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் நினைத்தேன். பிறகு கீழே ஓடிய எழுத்தில் அவுஸ்திரேலியா என்று வந்தது. அடுத்து ஒரு வரைபடம். அதில் ஓர் ஊரின் பெயர்.

அந்தப் பெயரைக் கடித உறைகளில் ஐந்தாறு வருடமாக என் கையாலேயே எழுதி வந்திருக்கிறேன்.

அவள் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். எங்களுக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது ஊர் முழுவதும் சண்டைக்குப் பயந்து ஒரே காலையில் ஓட வேண்டி வந்தது. அண்ணன் தோணி வலிக்க, அவளும் அவள் தாயும் எங்களோடு ஏறினார்கள். அவளுடைய தகப்பன் ஏறவில்லை. "நீங்க போங்க, நான் மாட்ட அவுத்து விட்டுட்டு வாறன்" என்றார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் காணவில்லை. மூன்று நாள் கழித்துப் போனவர்கள் ஊர் எரிந்த சாம்பலைத்தான் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பிறகு அவள் கலியாணம் முடித்து அவுஸ்திரேலியா போனாள். புருஷனுக்கு ஒரு பூங்கன்றுப் பண்ணையில் வேலை. நகரத்திலிருந்து தூரத்தில், மலையடிவாரத்தில், பலகை வீடு. முற்றத்தில் நின்று எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். பின்னால் நெட்டையாக யூக்கலிப்டஸ் மரங்கள். பக்கத்து வீட்டில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி. அவர்களும் அந்தப் படத்தில் நின்றார்கள்.

மட்டக்களப்பில் எங்கே குண்டு வெடித்தாலும் அவளுடைய அழைப்பு வந்துவிடும். சில நாட்களில் வெடித்த செய்தியையே அவள் சொல்லித்தான் நான் அறிந்தேன். எனக்கு அது மெல்ல மெல்ல எரிச்சலாகிப் போனது. தைப்பொங்கலுக்கு முதல் கிழமை அவள் எடுத்தபோது, "உனக்கென்னகா, நீ நெருப்பில்லாத இடத்தில இரிக்கா. அங்க இருந்து பயப்படுறது லேசுதான்" என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே போனை வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

கடையில் நின்றபடியே அந்த வார்த்தைகள் திரும்ப என் காதில் கேட்டன. நெருப்பில்லாத இடம். என் வாயால் நானே சொன்னது.

துணி வெட்டிக்கொண்டிருந்த முதலாளி கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"தங்கச்சி, இருங்க. என்ன செய்யிது?"

"அந்த ஊர்ல என்ட கூட்டாளி இரிக்கா."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து என் கையில் தந்தார். "இதில எடுங்க. மகன் கட்டார்ல, வெளிநாட்டுக்கு எடுக்க வசதி போட்டு வெச்சிரிக்கன்."

நான்கு தரம் எடுத்தேன். மணி அடிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் அமைதி, பிறகு ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிற்று. அவளுடைய புருஷனின் எண்ணிலும் அதே குரல். நான் கேட்காமலே முதலாளி தொலைக்காட்சியை நிறுத்தினார். "லைன் அறுந்திரிக்கும் தங்கச்சி. லைன் இல்லாட்டி ஆள் இல்லையெண்டு இல்ல. நான் அல்லாஹ்ட்ட துஆ கேக்கிறன்" என்றார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பது சரியாக நினைவில்லை. சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடந்ததும், அடையாள அட்டையைக் காட்ட மறந்து நான் நேரே நடந்ததும், ஒரு சிப்பாய் கூப்பிட்டு நிறுத்தியதும் மட்டும் ஞாபகம். செங்கலடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மழைத்தண்ணீர் இன்னும் வடியாமல் தெருவோரத்தில் கிடந்தது. செருப்பு நனைந்தது. இவ்வளவு தண்ணீர் இங்கே சும்மா கிடக்கிறதே என்று நினைத்தேன்.

அண்ணன் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தான். வன்னியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்த செய்தி. நான் விஷயத்தைச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்தது.

"இஞ்ச நம்மட சனம் நித்தம் சாகுது. நீ வெள்ளைக்காரன்ட காட்ட நினைச்சு அழுறா."

"அவள் வெள்ளைக்காரியா?" என்று கேட்டேன். "உன்ட தோணியில வந்தவள்."

கொஞ்ச நேரம் கழித்து ரேடியோவின் குமிழைத் திருகி ஓர் ஆங்கிலச் செய்தியைப் பிடித்தான். இருவருக்கும் அரைகுறைதான் விளங்கிற்று. வீதியில் கார்களுக்குள்ளேயே ஆட்கள் எரிந்து போனார்கள் என்பது விளங்கிற்று. காற்றின் வேகத்தில் தீ ஆட்களை முந்திப் போனது என்பதும் விளங்கிற்று. ஓடினால் தப்பலாம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அங்கே ஓடினவர்களும் செத்திருந்தார்கள்.

திங்கட்கிழமையும் அதே பெண்குரல்தான். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், கொப்பி திருத்தினேன். சரியான கணக்குக்குப் பிழை போட்டிருந்ததை ஒரு பிள்ளை கொண்டுவந்து காட்டிற்று.

செவ்வாய்க்கிழமை இடைவேளை நேரத்தில் தெரியாத ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஆசிரியர் அறைக்கு வெளியே, தண்ணீர்க் குழாயடியில் நின்று எடுத்தேன்.

"நான்தான்" என்றாள்.

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"ரெண்டு பேரும் இரிக்கம். ஒரு பெரிய மண்டபத்தில வெச்சிரிக்காங்க. பாய் தந்திரிக்காங்க, உடுப்புத் தந்திரிக்காங்க. வரிசையில நிண்டு பேர் பதிஞ்சம்." கொஞ்சம் நிறுத்தி, "அகதிக் கார்ட் மாதிரி ஒண்டும் தந்தாங்ககா" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானமே அவர்கள் புறப்பட்டிருக்கிறார்கள். அப்போது தீ வரவில்லை. மலைக்குப் பின்னால் புகை மட்டும். இவ்வளவு தூரத்துக்கு வராது என்று புருஷன் சொல்லியிருக்கிறான். அவள் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டையும் தாயின் படத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு காருக்குள் ஏறி இருந்துவிட்டாள். "நீ வராட்டி நான் தனியப் போவன் எண்டன். பட்டுப் படிச்ச ஆள்தானே நான்" என்றாள். பிறகுதான் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொன்னாள்.

"அந்தக் கிழவனையும் கிழவியையும் கூப்பிட்டன். கையப் பிடிச்சு இழுத்தன். வீட்ட விட்டுட்டு வரமாட்டம், தண்ணிப் பம்ப் இரிக்கி, பாத்துக்குவம் எண்டாங்க. ஏன் புள்ள இப்பிடி நடுங்கிறா எண்டு சிரிச்சாங்க."

பிறகு என்ன நடந்தது என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

"நேத்து அவங்கட மகள் இந்த மண்டபத்துக்கு என்னத் தேடி வந்தா. அம்மாவும் அப்பாவும் கடைசியா என்ன சொன்னவங்க எண்டு கேட்டா."

"நீ என்ன சொன்னா?"

"ராவைக்குச் சாப்பிட வரச் சொன்னவங்க எண்டன். அது பொய்யில்ல. எல்லாம் அடங்கினாப்புறகு வாங்க, ஆட்டிறைச்சி அடுப்புக்குள்ள இரிக்கி எண்டு கிழவி சொன்னதுதான். மத்தத நான் சொல்லல்ல."

அப்போதுதான் அவள் அழுதாள். மணி அடித்தது. பிள்ளைகள் குழாயடியில் என்னைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்கு ஓடினார்கள். பொங்கலுக்கு முதல் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் அவள், "வன்னியில உன்ட மாமா ஆக்கள் எப்பிடி, ஏதும் அறிஞ்சியா?" என்று கேட்டாள். ஒன்றும் தெரியாது என்றேன். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், போனைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்தாள்.

அவர்கள் அந்த இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. புருஷன் மட்டும் ஒரு தரம் போய் வீட்டின் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்தானாம். இப்போது நகரத்தில், நாலாம் மாடியில் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். சன்னலைத் திறந்தால் ஒரு மரமும் தெரியாது என்று எழுதியிருந்தாள்.