வலையருகே மன்னி

டென்னிஸில் சர்வ் போட இரண்டு வாய்ப்பு உண்டு. இரண்டும் தவறினால் புள்ளி எதிராளிக்கு. அந்த இரண்டாவதுதான் என் வியாதி. தவறிவிடுமோ என்ற பயத்தில் வருஷக்கணக்காக அதை மெல்லத் தட்டித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். கோட்டுக்குள் விழும், சந்தேகமில்லை. எதிரே நிற்பவள் ஆற அமர வந்து வெளுத்து வாங்குவாள், அதிலும் சந்தேகமில்லை.

இரட்டையர் ஆட்டத்தில் அந்த அடி என்மேல் வராது. வலையருகே நிற்கிற ஜோடிமேல்தான் போகும். என் ஜோடி என் அண்ணாவின் மனைவி. கரமனையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். போன வருஷம், நாற்பது தாண்டிய பெண்களுக்கான போட்டியில் நான் தட்டிக் கொடுத்த ஒரு பந்தை எதிராளி ஓங்கி அடித்தாள். அது மன்னியின் கண்ணுக்குக் கீழே பட்டது. ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர். பத்து நாள் கறுப்புக் கண்ணாடியோடு ஆபீஸ் போனாள். என்னைத் திட்டவே இல்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உன் செகண்ட் சர்வ் மாறினாத்தான் இனிமே நான் முன்னால நிப்பேன், கேட்டயா?"

"மாத்தறேன் மன்னி. சத்தியமா."

பந்தைத் தலைக்குமேல் எறிந்து, கீழிருந்து மேலாக உரசிச் சுழலவிட வேண்டும். விழுந்ததும் எதிராளியின் தோள் உயரத்துக்குத் துள்ளும். ஃபோனில் வீடியோ பார்த்தே கற்றேன். ஏழு மாதம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை விட்டால் கோர்ட், விடாவிட்டால் அடுப்படி. சாம்பார்க் கரண்டியோடு மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டு நிற்பேன். "கொசு அடிக்கறயா?" என்பார் என் வீட்டுக்காரர். பற்றிக்கொண்டு வரும். ஒருவழியாகப் பத்துக்கு எட்டு உள்ளே விழ ஆரம்பித்தது. மன்னி மறுபடி முன்னால் வந்து நின்றாள்.

ஒரு முட்டாள்தனம் செய்தோம். எங்கள் தெருவில் புதுசு எதுவானாலும் விசேஷத்துக்கென்று பீரோவுக்குள் போகும். பந்து டப்பாவையும் அப்படியே எடுத்துவைத்துவிட்டு, ரோமம் உதிர்ந்து உயிர்போன பழைய பந்துகளிலேயே பழகினோம். "ஒரு டப்பா பொட்டிச்சுப் பாக்கலாமே" என்று மன்னி கேட்கத்தான் செய்தாள். வேண்டாம், பிரித்தால் வீணாய்ப் போகும் என்று தடுத்த புத்திசாலி நான்தான்.

இந்த வருஷப் போட்டியின் முதல் ஆட்டத்தில் அவர்கள் தந்த புதுப்பந்து என் ராக்கெட்டில் பட்டதும் பறந்தது. கோட்டைத் தாண்டி ஒரு முழம். அடுத்ததும் அப்படியே. மன்னி ஒவ்வொரு தடவையும் திரும்பி, "சாரமில்லை, போனாப் போறது, அதையே போடு" என்றாள். போட்டேன். பாதி விழுந்தது, பாதி போனது. எப்படியோ கடைசிப் பத்துப்புள்ளி டைபிரேக் வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். ஒன்பதுக்கு எட்டு. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. சர்வ் என்னுடையது.

முதலாவது வலையில் விழுந்தது.

மன்னி திரும்பிப் பார்க்கவில்லை. முட்டியை மடக்கி, வலைக்கு இன்னும் ஓரடி நெருங்கி நின்றாள். அவள் அப்படி நின்றது எனக்குத் தைரியம் தந்திருக்க வேண்டும். தரவில்லை. வெளியே போய்விட்டால்? இவ்வளவு தூரம் வந்து என் கையால் போய்விட்டால்? ஜெயிக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர மண்டையில் எதுவும் இல்லை. பந்தை எறிந்தேன். தட்டிவிட்டேன். பழையபடி, மெல்ல, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

எதிராளி பாய்ந்து வந்து அடித்தாள். நேரே மன்னியின் முகத்துக்கு. மன்னி முகத்தை மறைக்க ராக்கெட்டைத் தூக்கினாள். பந்து அதன் விளிம்பில் பட்டு, எகிறி, வலைக்கு அந்தப் பக்கம் செத்து விழுந்தது. ஜெயித்துவிட்டோம். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். என்ன வேகம் சேச்சிக்கு என்று யாரோ மலையாளத்தில் வியந்தார்கள். நான் ஓடிப்போய் மன்னியைக் கட்டிக்கொண்டேன். ராக்கெட்டைப் பிடித்திருந்த அவள் விரல்கள் விறைத்துப்போயிருந்தன.

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன், அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் வாய் ஓயாமல் பேசினேன். அந்த எதிராளியைப் பற்றி, வெயிலைப் பற்றி, என்னென்னவோ. அவள் வெறும் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தாள். கரமனைப் பாலத்தில் வண்டிகள் நின்றபோது என்னால் தாங்க முடியவில்லை.

"கோவமா மன்னி?"

"என்ன கோவம்? ஜெயிச்சாச்சே."

வண்டிகள் நகர்ந்தன. பாலம் தாண்டியதும் என் தோள் பக்கம் குனிந்தாள். என்னிடம் அனுமதி கேட்பதுபோல் அத்தனை மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு நீ சர்வ் போடறச்சே நான் பின்னாலயே நின்னுக்கட்டுமா?"

வேண்டாம், நாளைக்குப் புது சர்வையேதான் போடுவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏற்கெனவே ஒரு சத்தியம் செய்தவள் நான். வெட்கமாக இருந்தது.

"பின்னாலயே நில்லுங்கோ மன்னி," என்றேன்.