மாலதி அக்காவின் அக்லியானிகோ

போன மாதம் சான் ஹோசேயில் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் சிவப்பு வைன் ஊற்றினார்கள். "ரொம்ப ஸ்மூத்தா இருக்கும், ட்ரை பண்ணுங்க" என்றார் வீட்டுக்காரர். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். இத்தாலியப் பண்ணையின் பெயர், எனக்கு நன்றாகவே தெரிந்த பெயர். ஒரு வாய் குடித்தேன். ஜாமைத் தண்ணீரில் கரைத்தது போலிருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் அன்று யார் பேசியதும் காதில் விழவில்லை.

எனக்கு வைன் தெரியும் என்று பீற்றிக்கொள்வதாக நினைக்காதீர்கள். 2003இல் கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே திராட்சை ரசம் ரஸ்னாதான். டிபென்டன்ட் விசா, வேலைக்குப் போகக் கூடாது. கணவர் ஆபீஸ் கிளம்பியதும் துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பேன். எதிர் ஃப்ளாட்டில் இருந்த மாலதி அக்கா ஒருநாள் கதவைத் தட்டி, "சும்மாதான கண்ணு இருக்கற? கார்ல கம்பெனி குடுக்க வா" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

அக்கா பொள்ளாச்சிக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவரை டாட்காம் சரிவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிரீன் கார்டு இருந்ததால் மூட்டை கட்ட வேண்டியிருக்கவில்லை. மனம் வெறுத்து இத்தாலிக்குச் சுற்றப் போனவர், தெற்கே அணைந்துபோன ஓர் எரிமலைச் சரிவில் தொனாத்தோ என்ற கிழவரின் பண்ணையில் போய் நின்றார். அங்கே விளைவது ஒரே திராட்சை, அக்லியானிகோ. ஊரெல்லாம் அறுவடை முடிந்து ஓய்ந்த பிறகு, குளிர் இறங்கும்போதுதான் அது பழுக்கும். அக்கா அங்கேயே தங்கிப் பழம் பறித்தார். கிளம்பும்போது கிழவர் அக்காவின் கையைப் பிடித்து, "கலிஃபோர்னியாவில் இதை நீதான் விற்க வேண்டும்" என்றாராம். வெறும் வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் இல்லை; அதை இரண்டு பேரும் பெரிதாக நம்பினார்கள்.

விற்பது லேசாக இல்லை. முதல் வாய் குடித்த ஓட்டல்காரர்கள் எல்லாரும் முகம் சுளித்தார்கள். அவ்வளவு துவர்ப்பு. "சின்ன வயசுல நாவப்பழம் தின்னுட்டு நாக்க நீட்டிப் பாப்பமே, அந்த மாதிரி" என்பார் அக்கா. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். விடியற்காலையில் எழுந்து சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டு மட்டன் வறுத்து டிபன் டப்பாவில் எடுத்துக்கொள்வார். செஃப் முகம் சுளித்ததும் டப்பாவைத் திறந்து, ஒரு துண்டு தின்னவைத்து, "இப்ப குடிங்க" என்று ஆங்கிலத்தில் அதட்டுவார். குடித்தவர் கோப்பையை மறுபடி நீட்டுவார். நான் பக்கத்தில் டிஷ்யூ பேப்பரோடு நிற்பேன். மாமியாருக்குத் தெரிந்தால் என்னவாகும் என்ற பயம் ஒரு பக்கம், மட்டன் மீதி வருமா என்ற கவலை ஒரு பக்கம்.

தமிழ்ச் சங்கத்தில் அக்காவுக்கு "சாராயக்காரி" என்று பெயர். ஒரு வைன் பத்திரிகை அந்த அக்லியானிகோவை வானளாவப் புகழ்ந்த பிறகு அதே வாய்கள், "நமக்கு ரெண்டு பாட்டில் கெடைக்குமா மாலதி?" என்றன. அக்கா சிரித்துக்கொண்டே கொடுத்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இடையில் ஒரு பெரிய கம்பெனி கிழவரிடம், துவர்ப்புக் குறைந்த மெர்லோ திராட்சையைக் கொஞ்சம் கலந்தால் அமெரிக்கர்கள் விரும்புவார்கள் என்று ஆசை காட்டியது. அவர் அக்காவைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். "கலக்காதீங்க. இதோட கொணமே அந்தத் தொவர்ப்புதான்" என்று சொன்னதாக அக்கா என்னிடம் சொன்னார். அவரும் கலக்கவில்லை.

2007இல் ஒருநாள், எங்கள் முதல் வாடிக்கையான ஓட்டலுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். பின்கட்டில் அந்தப் பெரிய கம்பெனியின் சீருடை போட்ட ஒரு பையன் அதே வைனை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். அதே பண்ணை, புது லேபிள். ஓட்டல்காரர் கண்ணைத் தாழ்த்தி, "உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்" என்றார்.

அக்கா பார்க்கிங்கிலிருந்தே இத்தாலிக்குப் போன் போட்டார். எடுத்தது கிழவரின் மகன். அப்பாவுக்குப் பக்கவாதம், இனிமேல் எல்லாம் தான்தான் என்றான். அக்கா "ஸி, ஸி" என்று இத்தாலியனில் ஆமாம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னக்கா சொல்றான்?"

"மார்க்கெட்ட வளக்கணுமாம். நான் நல்லாப் பண்ணுனனாம். தேங்க்ஸ் சொன்னான்."

"சண்டை போடுங்கக்கா!"

"எதை வெச்சு கண்ணு? அவுங்கப்பா என் கையப் புடிச்சாருன்னு கோர்ட்ல சொல்லட்டுமா?"

திரும்பும் வழியெல்லாம் ஃப்ரீவேயில் அக்கா வலது ஓரத்திலேயே மெதுவாக ஓட்டினார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

அடுத்த வருடம் வந்த பொருளாதார மந்தத்தில் ஓட்டல்கள் ஒவ்வொன்றாக மூடின. அக்கா டெக்சஸில் டெஸ்டிங் வேலை கிடைத்துப் போனார். முன்பு அவருக்குக் கீழே வேலை கற்றவன் இப்போது மேனேஜர். அங்கிருந்து ஒருநாள் பேசினார்: தொனாத்தோ யாரையோ விட்டு நம்பரை அழுத்தச் சொல்லிக் கூப்பிட்டாராம். நாக்குக் குழறியதில் பாதி புரியவில்லை. "மேல்சரிவுக் காட்டப் பூராப் புடுங்கிட்டாங்களாம் கண்ணு. அவுங்க தாத்தா நட்ட கொடி. அத மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லீட்டே இருந்தாரு." அந்த வருடமே கிழவர் இறந்துபோனார். மகன் சொல்லியனுப்பவில்லை, அக்காவுக்கு யார் மூலமோ பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

கொஞ்ச நாளில் எங்கள் பேச்சும் குறைந்து, புத்தாண்டு வாழ்த்தோடு நின்று, அதுவும் நின்றுபோயிற்று.

விருந்து முடிந்து வந்து பண்ணையின் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். மேல்சரிவில் இப்போது கல்யாண மண்டபம். நீச்சல்குளம் இருக்கிறது. எரிமலையைப் பார்த்தபடி படம் எடுத்துக்கொள்ள, புல்வெளியில் வரிசையாக வெள்ளை நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள்.