மூன்றாவது சிலிண்டர்

என் கணவர் வாடகைக்கு ஓட்டிய பழைய சீமைக் கார், தன் வரவைத் தானே சொல்லிக்கொண்டு வரும். நாலு சிலிண்டரில் ஒன்று சரியாக எரியாது. மூன்று முறை வெடித்தால் ஒரு முறை விக்கும். மிஸ்ஸிங் அடிக்குது என்பார்கள். செம்பட்டி சவாரி முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும். உடனே தோசைக்கல்லை அடுப்பில் போடுவேன். அவர் கைகால் கழுவி உட்காரவும் முதல் தோசை விழவும் சரியாக இருக்கும்.

"ஊருக்கே கேக்குது. அதச் சரி பண்ணுனா என்ன?" என்று நான் கத்தாத நாளில்லை.

"சரி பண்ணிட்டா நீ எப்படிப் புள்ள கல்லப் போடுவ?" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாசியில் அவருக்கு மஞ்சள்காமாலை கண்டது. பங்குனி பிறப்பதற்குள் போய்விட்டார். மகளுக்கு அப்போதுதான் பேச்சு திருந்தி வந்திருந்தது.

மதுரையில் மெக்கானிக்காக இருந்த என் கொழுந்தன் அந்த வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்தான். இனி அவன் அந்தக் காரை ஓட்டித்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். வாசலில் வைத்து ஸ்டார்ட் செய்தான். அதே விக்கல். உள்ளே விளையாடிக்கொண்டிருந்தவள் "அப்பா வந்துருச்சு!" என்று ஓடினாள். டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தாள். பின்சீட்டைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

கொழுந்தன் அதைக் கவனிக்கவில்லை. பானட்டைத் திறந்து, ஓடுகிற இன்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். ஒவ்வொன்றுக்கும் இன்ஜின் தடுமாறியது. மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் சத்தம் மாறவே இல்லை.

"இதான் மதினி. வேல செய்யாதத எடுத்தா வித்தியாசம் தெரியாது."

எங்கள் வீட்டிலிருந்து அவரை எடுத்தது அப்படியா? வீட்டில் எதைத் தொட்டாலும் தடுமாறிக்கொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு மாசம் இப்புடியே ஓட்டலாம். ஹெட்டக் கழட்டுனா வேல முடியிற வரைக்கும் சவாரி போயிரும்" என்றான்.

மறுநாளும் அந்தச் சத்தம் கேட்டு மகள் ஓடினாள். அதற்கு மறுநாளும். அவள் திரும்பி வருகிற முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"சவாரி போனாப் போகுது தம்பி. அந்தச் சத்தத்த எடுத்துருங்க."

இன்ஜினின் மேல் மூடி மாதிரி இருந்த ஹெட்டை இறக்கினான். மூன்றாவது சிலிண்டரின் வால்வு ஒன்று ஓரம் கருகி, கடித்து வைத்த முறுக்கு மாதிரி இருந்தது. ஹெட்டை மதுரைக்குக் கொண்டுபோய் லேத்தில் சமன் செய்துகொண்டு, புது வால்வும் வாங்கி வந்தான். வால்வு உட்காரும் இடத்தில் தேய்ப்புப் பசை தடவி, வால்வில் பொருத்திய குச்சியை மோர் கடைவது போல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி உருட்டித் தேய்த்தான். மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தான். ஒரு சொட்டுக் கசியவில்லை.

பூட்டி முடித்ததும் ரெட்டியார்சத்திரத்துக்கு ஒரு கல்யாணச் சவாரி கிடைத்தது. போனான். பொழுது சாய நான் மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். மகள் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, இன்னும் கல்லுப் போடலயா?"

நிமிர்ந்து பார்த்தால் கொழுந்தன் கைகால் கழுவிவிட்டு நிற்கிறான். வாசலில் கார் நிற்கிறது. மகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் கேட்டது அதுதான், அப்படியே கிடைத்துவிட்டது. இத்தனை நாளும் அவளோடு சேர்ந்து நானும் ஓடிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கல்லை எடுத்துப் போட்டேன். அது காய்ந்து புகைகிற வரைக்கும் அழுதேன்.