ஓராள் கனம்

காவிரிக்கரையில் இருந்த எங்கள் ஊர் மேட்டூர் அணைத் தண்ணீருக்குள் போனபின், கரையோர மேட்டு நிலத்துக்குக் குடிவந்தோம். கோடையில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் கோபுரத்தின் உச்சி மட்டும் வெளியே தெரியும் என்றார்கள். அதைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று என்னை நச்சரித்தவள் என் அக்கா. கணவனை இழந்து எங்களோடு இருந்தவள். படகு வாங்கும் யோசனையே அவளுடையதுதான்.

படகுக்காரர் பாய் கட்டிய இரண்டு படகுகளைக் காட்டினார். ஒன்று கனத்த மரம். தண்ணீரை நிறைய ஒதுக்கிக்கொண்டு ஆழமாக உட்கார்ந்திருந்தது. காற்றடித்தாலும் அசையாது, ஆனால் மாட்டுவண்டி மாதிரி போகும். மற்றது லேசு. பட்டும் படாமலும் தண்ணீர்மேல் நின்றது. பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிட்டேன். எனக்கு எதிலும் வேகம் வேண்டும். அந்தப் புத்தி இன்றும் போகவில்லை.

"ஊட்டு ஆளுங்க எல்லாரோடயும் ஏறி உக்காந்து பாருங்க. எவ்வளவு முழுகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாமுங்க" என்றார்.

நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் லேசுப் படகில் ஏறினோம். கொஞ்சம் ஆடி நின்றது. பருத்த உடம்புக்காரியான அக்கா ஏறியதும் சட்டென்று கீழே இறங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

"அஞ்சு பேரையும் தாங்குமுங்க. கொஞ்சம் மெதுவாப் போகும், அவ்வளவுதானுங்க" என்றார் படகுக்காரர்.

என் முகம் சுருங்கியதை அக்கா பார்த்துவிட்டாள். மெல்ல இறங்கினாள். "எனக்குத் தண்ணின்னா பயம் சாமி. நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. இதையே எடுத்துக்கோ."

பயமாம்! ஆடிப்பெருக்கில் பரிசலேறி அக்கரை போய் வந்தவள். எனக்கு நீச்சல் பழக்கியவள். பொய் என்று எனக்குத் தெரியும். வசதியான பொய் என்பதால் நம்பியதுபோல் நடித்தேன். மனைவி முறைத்ததையும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு அந்தப் படகையே வாங்கினேன்.

முதல் நாளே காற்று எங்களை ஆட்டிவைத்தது. பிள்ளைகள் அலறினார்கள். பாயைச் சுருட்டிவிட்டுத் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம்.

"கனம் பத்தலைங்க. அடியில ஓராள் கனத்துக்குக் கல்லப் போடுங்க, ஆடாம நிக்கும்" என்றார் படகுக்காரர்.

கரையில் நின்ற அக்காவின் காதிலும் அது விழுந்தது. கல் வேண்டாம், நீங்க ஏறுங்க அக்கா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் சொன்னது பொய் என்பதும், தெரிந்தே நான் அதை ஏற்றுக்கொண்டதும் பிள்ளைகள் முன்னால் வெட்டவெளிச்சமாகிவிடும். அந்த வெட்கத்துக்குப் பயந்து குனிந்து கல் பொறுக்கினேன். அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அக்காவும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கல் எடுத்து வந்து, ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தாள். படகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அன்று அவள் உட்கார்ந்தபோது நின்ற அளவுக்கு வந்தது.

"போதுமா சாமி?" என்று கேட்டாள்.

போதும் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு படகை அவளே தள்ளிவிட்டாள்.

"கோபுரம் தெரிஞ்சா எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வாங்க."